சத்தம் போடாத டாப்பெட்

பழுதாகி வருகிற வண்டியை யாருமே தொட்டிருக்க மாட்டார்களாம். பட்டறை போட்ட நாளிலிருந்து மெக்கானிக்குக்கு இதுதான் வயிற்றெரிச்சல். பாதி நட்டைக் காணோம், ஒயரைப் பல்லால் கடித்து முறுக்கி வைத்திருக்கிறான், கேட்டால் "நான் கையே வைக்கலையே!" என்று சாதிக்கிறான்.

ரொட்டிக்காரியும் வந்ததும் அதையேதான் சொன்னாள்.

"யாரும் கை வைக்கலண்ணே. தானா வெடிக்குது. இழுக்கவும் மாட்டேங்குது."

அவள் கணவர் தையல்காரர். கண் மங்கி ஊசியில் நூல் கோக்க முடியாமல் போனதும், அவருடைய மோட்டார் சைக்கிளை இவள் எடுத்தாள். விழுந்து எழுந்து, முழங்கால் தோலெல்லாம் உரித்துக்கொண்டு பழகினாள். இப்போது இரண்டு பக்கமும் ரொட்டிப் பெட்டியைக் கட்டிக்கொண்டு முட்டுச்சந்தில் அவள் வண்டி திருப்புகிற மாதிரி பேக்கரியில் ஒரு ஆம்பளையும் திருப்ப மாட்டான். என்ன பிரயோஜனம்? தெருவில் அவளுக்குப் பெயர் 'வெடி அக்கா'.

"விடியற்காலைல குண்டு போட்டு எழுப்புறேன்னு தெருக்காரங்க சண்டைக்கு வர்றாங்க. நாளைக்கும் வெடிச்சா நான் ரொட்டி போடற லைனை வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு முதலாளி சொல்லிட்டாருண்ணே."

"அந்த ஆளு ஒரு நாள் இந்தப் பெட்டியத் தூக்கிப் பாக்கட்டும், அப்புறம் பேசட்டும்!" என்று மெக்கானிக் சீறினார்.

பிளக்கை மாற்றினார். கார்பரேட்டரைக் கழற்றிக் கழுவினார். காற்று வடிகட்டியைத் தட்டிப் போட்டார். கிளப்பினால் மறுபடியும் 'டமார்'. எதிர்க்கடைக்காரர் கையிலிருந்த டீயைக் கொட்டிக்கொண்டு, "உசிரோட இருக்கியாய்யா?" என்று கத்தினார்.

எரிச்சலோடு கிக்கரை மிதித்தபோதுதான் உறைத்தது. எதிர்ப்பே இல்லாமல் தொளதொளவென்று இறங்கியது. குனிந்து பார்த்தார். டாப்பெட் மூடியில் ஸ்பானர் வழுக்கிய கீறல் பளபளவென்று புதுசாக இருந்தது. திறந்தால், வால்வைத் தள்ளுகிற டாப்பெட்டில் மெல்லிய தகடு நுழையக்கூட இடைவெளி இல்லை. அப்படி ஒரு இறுக்கு. வால்வு முழுசாக மூடாமல், எரிகிற நெருப்பு சைலன்சருக்குள் ஓடித்தான் வெடித்திருக்கிறது.

"கை வைக்கலயா? இது என்ன, பூனை வந்து முடுக்கிச்சா?"

அவள் முகம் சுண்டியது. "அதுவா... அவர்தாண்ணே. டிக்டிக்குனு சத்தம் வருதேன்னு ஞாயித்துக்கிழமை ஞாயித்துக்கிழமை லேசா முடுக்குவாரு. தையல் மெஷினுக்கு அப்படித்தானாம், சத்தம் நிக்கிற வரைக்கும் முடுக்கணுமாம். கண்ணு தெரியாட்டியும் காது இருக்கேம்பாரு."

"நல்ல காது! இஞ்சின் டிக்டிக்குங்கறது கேக்குது, தெருவே அதிர்றது கேக்கல! வந்ததும் இதைச் சொல்லியிருந்தா காலைலயே முடிச்சிருப்பேன்ல? மெக்கானிக்னா என்ன, ஜோசியக்காரனா?"

"அவருக்கு மிச்சமிருக்கற ஒரே வேலை அதாண்ணே. வெளிய சொல்ல வாய் வரல."

"டாப்பெட் லேசா டிக்டிக்குன்னாத்தான் வால்வு சரியா மூடும்" என்றபடி மெக்கானிக் ஸ்பானரை எடுத்தார். ஆறிப்போன இஞ்சினில் தகடு வைத்து இடைவெளி விட்டு முடுக்கினார். கிளப்பினார். டிக்டிக்கென்ற சின்னச் சத்தத்தோடு வண்டி நிதானமாக ஓடியது. ஆக்சிலேட்டரை முறுக்கி முறுக்கி விட்டார்; ஒரு வெடிகூட இல்லை. எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனார்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். கிளம்பாமல் ஹாண்டிலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணே, ஒரு உதவி. ஞாயித்துக்கிழமை வீட்டுப் பக்கம் வந்து நீங்களே அவரை நல்லா திட்டிட்டுப் போங்க. நான் திட்டினா அன்னிக்குப் பூரா சாப்பிட மாட்டாரு."