மீன் இல்லாத இடத்தில் காத்திருந்த படகுகள்

போன வருடம் வாடைக்காற்று ஓய்ந்து, கடல் அடங்கி, தொழில் சூடுபிடித்திருந்த நேரம் அது. எங்கள் ஊர் முல்லைத்தீவுக் கடற்கரையில் இருக்கிறது. என் கணவரும் அவருடைய அண்ணனும் ஆளுக்கொரு படகு வைத்திருக்கிறார்கள். அண்ணனை நான் அத்தான் என்றுதான் கூப்பிடுவேன். இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வேலி, அந்த வேலியில் ஆள் புகுந்து போக ஒரு பொட்டு. அவர்கள் வீட்டுத் தேங்காய்ப்பால் சொதி அதால் இந்தப் பக்கம் வரும், எங்கள் வீட்டுப் பொரியல் அந்தப் பக்கம் போகும்.

கடலுக்குள் அண்ணன் தம்பி இருவருக்கும் பொதுவாக ஒரு பார் உண்டு. கடலடியில் கல் கிடக்கும் இடத்தைத்தான் பார் என்போம், மீன் அங்கேதான் அடைந்திருக்கும். காணிக்கு எழுதுவதுபோல் கடலுக்கு உறுதி எழுத முடியாது, யாரும் எங்கேயும் வலை போடலாம். ஆகவே தெரிந்த இடத்தை வாய்விடாமல் வைத்திருப்பதுதான் சொத்து. கோயிலின் சிலுவைக் கோபுரத்தையும் கரையில் நிற்கும் ஒரு பனையையும் நேர்கோட்டில் வைத்து அந்தப் பாரைப் பிடிப்பார்களாம். மாமா தன் இரண்டு மகன்மாருக்கு மட்டும் காட்டிவிட்டுப் போனது. கலியாணம் கட்டி இத்தனை வருடமாகியும் எந்தப் பனை என்று எனக்கே தெரியாது. கேட்டால் இவர் சிரித்து மழுப்பிவிடுவார். போகும்போதுகூட நேரே போகமாட்டார்கள், வேறு பக்கம் ஓடிக் காட்டிவிட்டுத்தான் திரும்புவார்கள்.

அந்த நேரத்தில்தான் மீன் வாங்கும் கம்பனி ஒன்று வந்தது. ஐஸ் லொறி கரைக்கே வரும், நல்ல விலை தருவோம் என்றார்கள். ஆனால் அதற்கு அவர்களுடைய ஆப் போனில் இருக்க வேண்டும். காற்று, விலை எல்லாம் அதில் தெரியும், சும்மாதான் தருகிறோம் என்றார்கள். கரையில் மேசை போட்டு, எங்களை வரிசையில் நிற்கவைத்து, போன்களை வாங்கித் தாங்களே ஏற்றித் தந்தார்கள். இடையிடையே போன் ஏதோ கேட்டது. எல்லாவற்றுக்கும் 'சம்மதம்' என்று அவர்களுடைய விரலே அழுத்தியது. வேண்டாம் என்றவர்களிடம், அப்படியானால் உங்கள் மீனை லொறி எடுக்காது என்று சொல்லிவிட்டார்கள். சும்மா தருகிற சாமானுக்கு ஏன் இவ்வளவு வற்புறுத்தல் என்று எனக்கு அப்போதே ஓர் எரிச்சல். ஆனாலும் மற்றவர்களைப் போல நானும் இவரும் போனை நீட்டிக்கொண்டுதான் நின்றோம்.

கொஞ்சக் காலம் போனது. ஒருநாள் விடிய இவர் பாருக்குப் போனால், அங்கே வெளியூர்ப் படகுகள் வலை இழுத்துக்கொண்டு நிற்கின்றன. பெரிய எஞ்சின் பூட்டிய படகுகள். அடுத்த நாளும் நின்றன. இடம் தெரிந்தது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான். இவர் கரைக்கு வந்ததும் வராததுமாக அத்தானிடம் போனார்.

"அப்பா காட்டின இடத்தை ஆருக்குச் சொன்னனீ?"

"அதை நானெல்லோ உன்னட்டைக் கேக்கவேணும்" என்றார் அத்தான்.

அவ்வளவுதான் கதை. மறுநாள் பார்த்தால் வேலிப் பொட்டைத் தென்னோலைக் கிடுகு வைத்து அடைத்திருந்தது. அண்ணன் தம்பி கோயிலிலும் ஆளுக்கொரு பக்கம் முழங்காலில் நின்றார்கள். மீன் போனால் இன்னொரு பார் தேடலாம். போரிலும் இடம்பெயர்விலும் ஒன்றாகவே ஓடி, ஒன்றாகவே திரும்பி வந்த இரண்டு பேர் ஒரு கிடுகுக்கு இரண்டு பக்கமும் முகம் பாராமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அடைத்த பொட்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அழுகை வந்தது.

அப்போது இவருடைய போனில் சார்ஜ் நிற்காமல் போய்க்கொண்டிருந்தது. கடைக்குக் கொண்டுபோக முதல் நானே பார்ப்போம் என்று உள்ளே துழாவினேன். எது சார்ஜைத் தின்கிறது என்று போனே காட்டும். தின்றது அந்த மீன் ஆப். அதோடு இன்னொன்றையும் கண்டேன். ஆப்பைத் திறக்காத நேரத்திலும், இவர் எங்கே நிற்கிறார் என்று எந்நேரமும் பார்த்துக்கொண்டிருக்க அதற்கு அனுமதி கொடுத்திருந்தது. கரையில் வரிசையில் நின்றபோது அழுத்திய 'சம்மதம்' அதுதான். எனக்கு உச்சியில் அடித்த மாதிரி இருந்தது.

இவரிடம் சொன்னேன். நம்பவில்லை. "போன் என்ன, பனையைப் பாக்குதோ?" என்று கேட்டார்.

பொட்டு அடைபட்டிருந்ததால் நான் றோட்டைச் சுற்றி அத்தான் வீட்டுக்குப் போனேன். அத்தான் கதிரையில் உட்கார்ந்து கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். "அத்தான், நீங்களும் சொல்லேல்லை, இவரும் சொல்லேல்லை. ரெண்டு பேரின்ர பொக்கற்றுக்குள்ளையும் இருக்கிறதுதான் சொல்லியிருக்கு" என்றேன். அவர் தன் போனை என் கையில் தந்தார். அதிலும் அதே அனுமதி. வலையைக் கீழே வைத்தார்.

"அப்ப அதுக்கொரு பொய் சொல்லிப் பாப்பம்" என்றார்.

அன்று பின்னேரம் நான் சமைத்துக்கொண்டிருந்தபோது அத்தான் எங்கள் குசினிக்கு வந்தார். இருவரும் ஒருவரையொருவர் பாராமல், என்னைப் பார்த்தே திட்டம் பேசினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

திட்டம் இதுதான். வடக்குப் பக்கமாகக் கடலடியில் ஒரு மணல்வெளி இருக்கிறது. அங்கே வலை போட்டால் பாசிதான் வரும். விடிய இருவரும் நேரே அங்கே போய், நங்கூரம் போட்டு, போன் வேலை செய்ய விட்டபடி சும்மா இருப்பது. பிறகு போனை முழுதாக நிற்பாட்டிவிட்டு வேறு இடங்களுக்குப் போய்த் தொழில் செய்வது. கரை நெருங்கியதும் போனைப் போட்டு, பிடித்த மீனை லொறிக்குக் கொடுப்பது. கம்பனிக்கு மணல்வெளியும் தெரியும், நல்ல மீனும் தெரியும். நடுவில் நடந்தது தெரியாது. சும்மா இருந்த அந்த நேரத்தில் இருவரும் என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை. ஆனால் மூன்றாம் நாள் ஒரே வெற்றிலைப் பையோடு கரையேறினார்கள்.

அடுத்த கிழமை அந்த மணல்வெளிக்குப் பெரிய படகுகள் வந்தன. இவர்கள் தள்ளி நின்று பார்த்திருக்கிறார்கள். வலையை இழுத்தால் பாசி, திரும்ப இழுத்தால் திரும்பவும் பாசி. கடைசியில் ஒரு படகோட்டி இவர்களிடமே வந்து முறையிட்டிருக்கிறார். "அண்ணை, இஞ்சை மீன் எண்டு சிவப்பாக் காட்டுது. மாசா மாசம் காசு கட்டித்தான் இதைப் பாக்கிறம்" என்று போனை நீட்டினாராம். அதே கம்பனியின் ஆப். மணல்வெளியின் மேல் வடிவான ஒரு சிவப்பு வட்டம். இவர் அதைப் படம் எடுக்கலாமா என்று கேட்க, அந்த மனிதர் கோபத்தில் தானே பிடித்துக் காட்டினாராம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய, கோயில் மண்டபத்தில் கடற்றொழிலாளர் சங்கக் கூட்டம். கம்பனியில் வேலை பார்க்கும் இளம் பிள்ளையும் வந்திருந்தார். உங்கள் விபரம் பத்திரமாக இருக்கிறது, வெளியே போகாது என்றார். அத்தான் எழும்பினார்.

"அப்ப மீனே இல்லாத மணலுக்கை ஆர் தம்பி சிவப்பு வட்டம் போட்டது?"

நடந்ததைச் சொல்லிப் படத்தையும் காட்டியபோது மண்டபம் முழுக்கச் சிரிப்பு. பிறகு சிரிப்பு நின்றது. தங்கள் தங்கள் பாரில் புதுப்படகு கண்டவர்கள் ஒவ்வொருவராக எழும்பத் தொடங்கினார்கள். எத்தனை வீட்டில் எத்தனை பொட்டு அடைபட்டிருந்ததோ தெரியாது. கம்பனிப் பிள்ளை என்னைப் பார்த்து, "அக்கா, எல்லாம் நீங்கள் சம்மதம் குடுத்ததுதானே" என்றார்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "தம்பி, நான் குடிக்கத் தண்ணி தரச் சம்மதிச்சனான். கிணத்தை எழுதித் தரேல்லை" என்றேன்.

அன்றே சங்கம் முடிவெடுத்தது. ஆப் இல்லாமலும் லொறி மீன் எடுக்க வேண்டும். வைத்திருக்க விரும்புகிறவர்கள் இடத்தைக் காட்டாமல் வைத்திருக்க வழி வேண்டும். இதுவரை எடுத்த இடங்களை அழிக்க வேண்டும். அதுவரை லொறிக்கு ஒரு மீனும் இல்லை. லொறி வந்து நின்றது, ஐஸ் உருகி ஓடியது, வெறுமையாகத் திரும்பியது. ஊர் வியாபாரிகள் குறைந்த விலைக்குத்தான் எடுத்தார்கள், மிச்சம் கரை முழுக்கக் கருவாடாகக் காய்ந்தது. எங்களுக்கும் கஷ்டம்தான், ஆனால் ஒருவரும் பின்வாங்கவில்லை. கடைசியில் கம்பனியின் மேலதிகாரியே வந்தார். மூன்றுக்கும் எழுத்தில் சம்மதித்தார். இந்தமுறை சம்மதம் சொல்லும் முறை அவர்களுடையது.

அதே கரையில் திரும்பவும் மேசை போட்டார்கள், திரும்பவும் வரிசையில் நின்றோம். ஆனால் போன் எங்கள் கையிலேயே இருந்தது. ஒவ்வொரு கேள்வியையும் அந்தப் பிள்ளை வாசித்துச் சொல்ல, நாங்களே அழுத்தினோம். இடத்தைப் பார்க்கலாமா என்று போன் கேட்டபோது 'வேண்டாம்' என்று அழுத்தினேன் பாருங்கள், அப்படி ஒரு சந்தோசம் எனக்கு நெடுநாளாக வந்ததில்லை. வரிசையில் எனக்கு முன்னால் இவரும் அத்தானும் தோளில் தோள் முட்ட நின்றார்கள்.

அன்று வீட்டுக்கு வந்தபோது வேலிக் கிடுகு கழற்றிக் கிடந்தது. அதால் ஒரு சட்டி சொதி வந்தது. இப்போதும் எந்த ஆப் என்னிடம் சம்மதம் கேட்டாலும் அந்த அடைபட்ட பொட்டு என் கண்ணுக்குள் வந்துபோகும், கேட்ட கேள்வியை முழுதாக வாசித்த பிறகுதான் என் விரல் அசையும்.