சம்பந்தம் கழற்றிய ரெகுலேட்டர்

பாளையங்கோட்டையில் குடியிருக்கும் திருஞானசம்பந்தம் வருவாய்த்துறையில் துணை வட்டாட்சியர். மேசைக்கு வந்த கோப்புகளை மாதக்கணக்கில் திறக்காமல் வைத்திருக்கும் பொறுமைசாலி. அந்தப் பொறுமையெல்லாம் அலுவலக வாசலோடு சரி. வீட்டுக்கு வந்ததும் ஸ்பானரைத் தேடுவார்.

பரம்பரைச் சைவர், கொசுவைக்கூட விரட்டத்தான் செய்வார். சர்க்கரைக்காக ஏதாவது விளையாடும்படி மருத்துவர் சொன்னபோது, ஓடவேண்டாம் என்ற ஒரே காரணத்துக்காகத் துப்பாக்கி சுடும் கழகத்தில் சேர்ந்தார். மதுரையில் பழைய ஏர் ரைபிள் ஒன்று கிடைத்தது. அடியில் அழுத்திய காற்று அடைத்த சிலிண்டர். அந்தக் காற்றைக் குண்டுக்குக் குண்டு ஒரே அழுத்தத்தில் கொடுக்கவேண்டியது உள்ளே இருக்கும் ரெகுலேட்டரின் வேலை.

அதற்குத்தான் வியாதி. அடுத்தடுத்துச் சுட்டால் குண்டு நடுவில் விழும். தாமதித்தால் மேலே ஏறிவிடும். சம்பந்தமோ குறிபார்ப்பார், இறக்குவார், மூச்சு விடுவார், மறுபடி குறிபார்ப்பார். அதற்குள் ரெகுலேட்டர் கசிந்து அழுத்தம் கூடியிருக்கும்.

காற்றையெல்லாம் வெளியேற்றிவிட்டுப் பிரித்தார். வால்வு உட்காரும் இடத்தில் மெல்லிய கீறல். தேய்த்தார். ரப்பர் வளையத்தை மாற்றினார். கிண்ணம் போன்ற குட்டி வாஷர்களை வேறு விதமாக அடுக்கினார். கசிவு நிற்கவில்லை. சாப்பிடும்போதும் அதே பேச்சு. கடைசியில் வெறுத்துப்போய்ப் புது ரைபிள் வாங்கிக்கொண்டு, பழையதை மனைவி கோமுவிடம் தள்ளிவிட்டார்.

கோமு நகைக்கடையில் பில் போடுகிறவள். வரிசை நிற்கும்போது யோசித்துக்கொண்டிருக்க முடியாத வேலை. கழகத்துக்கு வந்தும் அப்படித்தான்: தூக்கினாள், சுட்டாள், அடுத்த குண்டைப் போட்டாள். ரைபிளுக்கு வியாதியைக் காட்ட நேரமே கிடைக்கவில்லை.

கழகச் செயலாளர் பாக்கியசீலன் ஒருநாள் சொன்னார்: "அண்ணாச்சி, மதினி கை ஒரே சீரா இருக்கு. மாவட்டப் போட்டிக்குப் பேர் கொடுத்துருவோம்."

"அதுல ரெகுலேட்டர் கசியுது வே. நான் பாத்துச் சரிபண்ணித் தாரேன்."

கோமு திரும்பினாள். "இதத் தொட்டியன்னா நான் போட்டிக்கே வரமாட்டேன்."

தொடவில்லை. ஆனால் கை சும்மா இருக்குமா? தானும் பேர் கொடுத்திருந்த போட்டிக்கு முந்தின சாயங்காலம், புது ரைபிளில் காற்றழுத்தம் காட்டும் முள் லேசாக நடுங்குவதாக அவருக்குத் தோன்றியது. பிரித்துப் பூட்டினார். பூட்டும்போது ரப்பர் வளையம் நசுங்கியதைக் கவனிக்கவில்லை. காலையில் நடுவர் முன்னால் சிலிண்டரை மாட்டியதும் நல்லபாம்பு சீறியதுபோல் ஒரு சத்தம். இதை வைத்துச் சுடக்கூடாது என்று நடுவர் ஒதுக்கிவிட்டார். சம்பந்தம் பார்வையாளர் வரிசைக்குப் போனார்.

கோமு நன்றாகச் சுட்டுக்கொண்டிருந்தாள். பாதியில் பக்கத்து இலக்கு அட்டை கம்பியில் சிக்கிக்கொள்ள, எல்லோரையும் நிறுத்தச் சொன்னார்கள். சம்பந்தம் இருக்கை நுனிக்கு வந்தார். அடுத்த குண்டு மேலே ஏறப்போகிறது; அது அவருக்குத் தெரியும். குரல் கொடுக்க அனுமதி இல்லை. ஆட்டம் மறுபடி தொடங்கியது. கோமு தூக்கினாள், சுட்டாள்.

நட்டநடுவில் விழுந்தது.

வெள்ளிப் பதக்கத்தோடு அவள் வந்ததும் அவசரமாகக் கேட்டார்: "ஏட்டி, அதெப்படி மேல ஏறாமப் போச்சு?"

"நேரங்கழிச்சுச் சுட்டா ஏறுதுன்னு தெனமும் நீங்கதான புலம்புனிய? நிறுத்திட்டாங்களேன்னு கொஞ்சம் கீழ குறி வச்சுச் சுட்டேன்."

இத்தனை நாள் பிரித்துப் பார்த்தவருக்கு இது தோன்றவே இல்லை. அவர் அவளுடைய பையைத் தூக்கிக்கொண்டார்.

மறுநாள் செய்தித்தாளில் படத்தோடு வந்திருந்தது: கணவரே பயிற்சியாளர். கோமு மறுக்கவில்லை. அதைப் படித்துவிட்டு, கழகத்து உறுப்பினர் ரசீத் தன் ரைபிளைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தார்.

"அண்ணாச்சிகிட்ட ரெகுலேட்டரக் காட்டணும் மதினி."

"இப்ப நல்லா சுடுதா?"

"சுடுது."

"அப்ப அவங்க குளிச்சுட்டு வர்றதுக்குள்ள எடுத்துட்டுப் போயிருங்க" என்றாள் கோமு.