தொலைபேசியில் கூடிய டாக்டர்கள்

நோயாளியைப் பற்றி மருத்துவர்கள் கலந்து பேசுவது நோயாளியின் காதிலோ உறவினர் காதிலோ விழக்கூடாது என்பது விதி. எழுபதுகளின் நடுவில், கோவளத்துக்கும் மாமல்லபுரத்துக்கும் இடையே ஒரு சுகாதார நிலையத்தில் நான் தலைமை எழுத்தர். விதி என் அலமாரியில் பத்திரமாக இருந்தது. தொலைபேசியோ கதவில்லாத என் அறையின் வாசலில், நோயாளிகள் உட்காரும் பெஞ்சுக்கு எதிரே இருந்தது.

சிக்கலான நோயாளி வந்தால் எங்கள் இளம் டாக்டர் செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்கு டிரங்க் கால் போடுவார். அங்கே மூத்த டாக்டர்கள் ரிசீவரைச் சுற்றி நின்று யோசனை சொல்வார்கள். நோயாளியை அலைக்கழிக்காமல் பல மூளைகள் கிடைத்தன. அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் லைன் இரையும். கத்தினால்தான் கேட்கும். அவர்கள் சொன்னதைச் சரிபார்க்க இவர் உரக்கத் திருப்பிச் சொல்வார்.

அன்று வந்த மீனவருக்கு, திருக்கை மீனின் முள் குத்திய கால் கணுக்காலுக்கு மேலும் கறுத்திருந்தது. கடும் காய்ச்சல். மனைவிதான் தாங்கிப் பிடித்திருந்தார்.

“பென்சிலின் போட்டு அனுப்பவா சார்?” என்று டாக்டர் போனில் கத்தினார்.

மனைவி பாய்ந்து எழுந்தார். “அய்யோ, அந்த ஊசி வாணாம் சார்! போன தபா போட்டப்போ மூச்சே நின்னு பூட்ச்சு!”

“சும்மா கெட. பேஜாரு பண்ணாத” என்றார் கணவர். முதலில் டாக்டர் விசாரித்தபோது, ஊசி ஒத்துக்கொள்ளாது என்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்று பயந்து மறைத்திருந்தார். செங்கல்பட்டில் உடனே மருந்தை மாற்றினார்கள். அறைக்குக் கதவு இருந்திருந்தால் அன்று ஓர் உயிர் போயிருக்கும்.

அடுத்து டாக்டர் கத்தினார்: “முழங்காலுக்குக் கீழ எடுத்துடணுமா சார்? இன்னிக்கேவா?”

மனைவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். மீனவர் டாக்டரை நிமிர்ந்து பார்த்தார். “தொண்ட கிழிய கத்தாத நைனா. காதுல வுழுந்துச்சு.”

நேரத்தை நீட்டிக்கவா என்று ஆபரேட்டர் கேட்டுக்கொண்டே இருந்தார். ரிசீவரை என் கையில் கொடுத்துவிட்டு, டாக்டர் போய் மீனவர் பக்கத்தில் உட்கார்ந்தார். செங்கல்பட்டுக்குக் கொண்டுபோக ஜீப் வரும்வரை எழுந்திருக்கவில்லை.

கால் போனது, ஆள் பிழைத்தார்.

இன்று மருத்துவர்கள் திரையில் முகம் பார்த்துக் கூடிப் பேசுகிறார்கள். புண்ணையும் காட்டலாம், கத்தவும் வேண்டாம். நல்ல ஏற்பாடுதான். திரையை அணைத்த பிறகு, முடிவைச் சொல்ல நோயாளி பக்கத்தில் யார் போய் உட்காருகிறார்கள் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும்.

போனுக்குத் தனி அறை கேட்டு அப்போதே மேலிடத்துக்கு எழுதியிருந்தேன். ‘மெதுவாகப் பேசவும்’ என்று பதில் வந்தது, அடுத்த ஆண்டு ஆயுத பூஜைக்கு முந்தின நாள். அன்று அந்த மீனவர் ஊன்றுகோலோடு மாத்திரை வாங்க வந்திருந்தார். அந்தப் பதிலை அவருக்குப் படித்துக் காட்ட எனக்கு மனம் வரவில்லை.