அஞ்சு பிள்ளைகளின் தகப்பன்

வெறும் வீடென்று தெரிந்தும், "ஆர் உள்ளுக்க?" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் கிறிஸ்துநாயகம் நுழைவார். கோடைக்கு ஜெர்மன்காரர் வாடகைக்கு எடுக்கும் வீடுகளைக் கூட்டித் துடைப்பது இப்போதைய உத்தியோகம். முதல் சோதனை குப்பைவாளிக்கு. "தலையை எறிஞ்சிட்டான்! மீன் தலையை எறியிறவன் என்னத்துக்குத் தீவுக்கு வாறான்?"

மன்னார்க்காரர். மீன் வெட்டும் தொழிற்சாலையை நம்பி இந்த டேனிஷ் தீவுக்கு வந்தவர். கடலில் மீன் குறைந்தது, தொழிற்சாலை மூடிக்கொண்டது. தீவார் வலைகளைச் சுவரில் அலங்காரமாகத் தொங்கவிட்டு, படுக்கையறைகளை வாடகைக்கு விட்டு, ஒரே வருடத்தில் நாகரிகமடைந்தார்கள். இளந்தாரிகள் வெளியேறப் பள்ளிக்கூடம் வெறிச்சோடியது. புதிதாக ஐந்து பிள்ளைகள் சேராவிட்டால் பூட்டுத்தான் என்றது கொமூன என்னும் உள்ளூராட்சி அலுவலகம்.

ஆசிரியை இங்கர் ஓடிவந்தாள். "உனக்கு எத்தனை பிள்ளைகள்?"

"அஞ்சு. எல்லாம் ஊரில."

தீவு துள்ளியது! தமிழரின் குடும்பங்களைக் கூப்பிடும் மனுக்களை அமைச்சு நிறுத்திவைத்திருந்த காலம் அது. அதுவரை அவர் பெயருக்கு நாக்கு வளையாதவர்களெல்லாம் அமைச்சுக்குக் கடிதம் எழுதினார்கள். பள்ளியைப் பூட்டாதிருக்கத் தவணையும் வாங்கினார்கள். ஒருவழியாக மனைவி பற்றிமாவுக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் அனுமதி வந்தது. மிச்சம் பின்னால் வரும்தானே? இப்போது வருவது இரண்டுதான் என்று தீவாருக்கு விளக்க வேண்டுமென்று அவருக்குத் தோன்றவே இல்லை.

கப்பல் வரும் காலை, இக்காஸ்ட் நகரத்திலிருந்து சிநேகிதன் தவராஜா தொலைபேசி எடுத்தான்.

"அண்ணை, அங்க அஞ்சுக்கெல்லோ மேளம் அடிக்கிறாங்களாம்? மற்ற மூண்டும் செத்துப்போன உங்கட அண்ணரின்ர பிள்ளையளெண்டு சொன்னீங்களே?"

"அண்ணரின்ர பிள்ளையள் பின்னை ஆற்ற பிள்ளையள்?"

"எனக்குச் சரி. டேனிஷ்காரனுக்கு அது பெறாமக்கள், சொந்தப் பிள்ளையள் இல்லை. அவங்களுக்குப் பேப்பர் தரமாட்டான்."

"விசர்க்கதை கதையாத! அதுகளுக்கு இனி நான்தானடா அப்பன்!"

இங்கரிடம் சொல்லிவிட இறங்குதுறைக்கு ஓடினார். அங்கே தீவே கொடியோடு நின்றது. ஊதுகுழல்காரர் அவர் வாயைத் திறக்கவிடவில்லை. கப்பலும் வந்துவிட்டது. பெரிய கோட்டுக்குள் புதைந்த பற்றிமா இறங்கினாள், பின்னால் ஒரு பெடியன், ஒரு பெட்டை. கிறிஸ்துநாயகம் மூவரையும் ஒரே பிடியாய்க் கட்டிக்கொண்டார்.

"ஒன்று, இரண்டு..." இங்கரின் விரல் வெற்றுக் கப்பலைக் காட்டி அந்தரத்தில் நின்றது. குழல்கள் ஒவ்வொன்றாய் ஓய்ந்தன. கப்பல்காரன் இறங்குபாலத்தை உயர்த்தக் கை வைத்தான்.

கிறிஸ்துநாயகம் பிள்ளைகளை விட்டு முன்னே வந்து பாலத்தின் நுனியில் ஏறினார்.

"இன்னும் மூண்டு வரக் கிடக்கு," என்றார் தமிழிலேயே, தீவு முழுவதற்கும் கேட்க. இரண்டு காலையும் அகட்டி ஊன்றி நின்றார்.