மேல் லயத்துக்கு எண்பத்தேழு படி

போன வருஷம் ஒக்டோபர் மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஏழு இருபதுக்கு எனக்கு மூச்சு வரவில்லை. ஓடி வந்து இளைப்பது போல இல்லை அது. இழுத்தேன், உள்ளே போகவில்லை. நெஞ்சின் வலது பக்கம் கத்தி இறங்குவது போல இருந்தது. வாசல் கல்லில் உட்கார்ந்து இருமினேன். கைக்குட்டையில் இரத்தம். இன்றோடு முடிந்தது என்று நினைத்தேன். பயப்படக்கூடத் தெம்பு இல்லை.

என் பெயர் ஸ்டெல்லா. வயது ஐம்பத்தொன்று. பெரகலவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்தில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மாரின் குழந்தைகளைப் பிள்ளைக் காம்பராவில் வைத்துப் பார்த்துக்கொள்கிறேன். எந்தப் பிள்ளை எத்தனை மணிக்கு வந்தது, எவ்வளவு பால் குடித்தது என்று எழுதி எழுதி, என் சொந்த வாழ்க்கையையும் டயரியில் அப்படியே குறிக்கும் பழக்கம் வந்துவிட்டது. "நீ செத்தாலும் மணியைக் குறிச்சு வச்சுட்டுத்தான் சாவ" என்பார் என் வீட்டுக்காரர். அன்று அவர் அந்தக் கேலியைச் சொல்லவில்லை. என்னைத் தூக்கி ஆட்டோவில் வைத்தார்.

அதற்கு முன் நடந்ததைச் சொல்ல வேண்டும். ஆகஸ்ட் கடைசியில் மழையில் படியில் வழுக்கி விழுந்து கணுக்கால் உடைந்தது. மாவுக்கட்டுப் போட்டு, ஆறு வாரம் எங்கள் வரிசை வீட்டு லயத்தில் ஒரே இடத்தில் கிடந்தேன். கட்டைப் பிரித்த பிறகு கெண்டைக்கால் வீங்கிச் சுட்டது, வலித்தது. மலையில் ஏறி இறங்கும் எங்களுக்குக் கால் வீங்கினால் அது சுளுக்குதான். எண்ணெய் போட்டுத் தேய்ப்போம். அதில் எங்கள் தோட்டத்தில் பேர் போனவர், இறந்துபோன என் அண்ணனின் மனைவி புஷ்பம் மதினி. ஞாயிறும் திங்களும் அவர்தான் என் காலைத் தேய்த்துவிட்டார். மறுநாள்தான் மூச்சு முட்டியது.

பதுளை ஆஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்தார்கள். அசையாமல் கிடந்த காலில் இரத்தம் உறைந்து, அந்தக் கட்டி போய் நுரையீரலை அடைத்திருந்தது. சிங்கள டாக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் கேட்டார்.

"அம்மா, கால் தேச்சதா?"

"ஆமாங்க ஐயா."

"இனி வேணாம். ஒருநாளும் தேய்க்க வேணாம்."

அவ்வளவுதான் சொன்னார். தேய்த்தால் கட்டி நகர்ந்துவிடும் என்று புரிந்தது. மதினியும் கட்டிலருகே நின்றிருந்தார். சாப்பாட்டுக் கேரியரை வைத்துவிட்டுப் போனவர், அதன் பிறகு வரவே இல்லை.

முகத்தில் ஒட்சிசன் மூடி. நீளமாக ஜெபிக்க மூச்சு இல்லை. "ஆண்டவரே, இந்த ஒரு மூச்சு" என்பேன். வரும். மறுபடி, "இந்த ஒரு மூச்சு." மூன்று நாள் அப்படியே போனது. சபையில் எனக்காக உபவாசம் இருந்தார்கள். நான்காம் நாள் மூடியைக் கழற்றினார்கள். பதினொன்றாம் நாள் வீட்டுக்கு வந்தேன்.

ஆண்டவர் செய்ததைச் சபையில் சொல்லும் என் சாட்சி அங்கே முடிந்தது என்று நினைத்தேன். முடியவில்லை.

இரத்தம் உறையாமல் இருக்க தினமும் மாலை ஆறு மணிக்கு மாத்திரை. மாதம் ஒரு தடவை பதுளை கிளினிக்கில் இரத்தப் பரிசோதனை. கீரையைக்கூட ஒரே அளவாகத் தின்ன வேண்டும். உடம்பு மெல்லத் தேறியது. மனசு தேறவில்லை. குனிந்து ஒரு பிள்ளையைத் தூக்கினால் போதும், நெஞ்சு படபடக்கும். மறுபடி கட்டி கிளம்பிவிட்டதோ என்று அப்படியே நிற்பேன். மணிக்கு ஒரு தடவை நாடி பிடித்து டயரியில் எழுதினேன். பக்கம் பக்கமாக வெறும் எண்கள். சும்மா இருந்தே களைத்துப்போனேன். வெங்காயம் இல்லாமலே அடுப்படியில் அழுதேன்.

இன்னொன்றும் செய்தேன். வெட்கத்தோடு சொல்கிறேன். பார்க்க வந்தவர்களிடமெல்லாம், "மதினி தேச்சதாலதான்" என்றேன். தோட்டம் சின்னது. கால் பிடிக்க மதினியைக் கூப்பிடுவதை எல்லோரும் விட்டுவிட்டார்கள்.

பயம் போக வேண்டும் என்று ஐந்து மாதம் ஜெபித்தேன். போகவில்லை.

ஏப்ரலில் எங்கள் போதகர், "சிஸ்டர், அடுத்த ஞாயிறு நீங்க சாட்சி சொல்லணும்" என்றார். நாள் கிழமை பிசகக் கூடாது என்று பழைய பக்கங்களைப் புரட்டினேன். ஒக்டோபர் ஞாயிற்றுக்கிழமைப் பக்கத்தில் என் கையெழுத்து: "கால் வீக்கம். டிஸ்பென்சரிக்குப் போகச் சொன்னார் மதினி. போகவில்லை. தேய்க்கச் சொன்னேன்." திங்கள்: "மதினி மாட்டேன் என்றார். கெஞ்சித் தேய்க்க வைத்தேன்."

நாலைந்து தடவை படித்தேன். மறந்தேனா, மறக்க ஆசைப்பட்டேனா தெரியவில்லை. இப்போதைக்குச் சாட்சி சொல்ல முடியாது என்று போதகரிடம் சொல்லிவிட்டேன்.

மதினி இருப்பது மேல் லயத்தில். எண்பத்தேழு படி. விழுந்த நாளிலிருந்து நான் ஏறாத படிகள் அவை. சனிக்கிழமை பின்னேரம், மழை விட்டதும் ஏறினேன். பத்துப் படிக்கு ஒரு தடவை நின்றேன். நாற்பதாவது படியில் நெஞ்சு அடித்துக்கொண்டது. திரும்பிவிடலாம் போல இருந்தது. ஆஸ்பத்திரியில் கேட்டது போலவே கேட்டேன். "ஆண்டவரே, இந்த ஒரு படி."

மதினி வாசலில் விறகு அடுக்கிக்கொண்டிருந்தார்.

"ஸ்டெல்லாவா? இந்தக் காலோட மேலேறி வந்தியா? புத்தி இருக்கா ஒனக்கு?"

"இல்ல மதினி. இருந்திருந்தா அன்னைக்கே டிஸ்பென்சரிக்குப் போயிருப்பேனே."

அவர் சிரிக்கவில்லை. என் காலையே பார்த்தார். "ரத்தம் வருது" என்றார்.

வழியில் அட்டை கடித்திருக்கிறது. இந்த மாத்திரை தின்கிறவர்களுக்கு அட்டைக் கடி இலேசில் நிற்காது. செருப்பு முழுக்க நனைந்திருந்தது. மதினி உள்ளே போய்த் துணி எடுத்து வந்து நீட்டினார்.

"நீயே அழுத்திக்க. ஒன் காலை நான் தொட மாட்டேன்."

எனக்குக் குனிய மூச்சு இல்லை. "நீங்கதான் தொடணும். தேய்க்கச் சொன்னது நான்தான் மதினி. நீங்க வேணாம்னீங்க. எழுதி வச்சிருக்கேன்."

"எழுதி வச்சிருந்தியா? அஞ்சு மாசமா ஊருக்கெல்லாம் வேற மாதிரியில்ல படிச்சுக் காட்டுன?"

"ஆமா. பொய்தான் சொன்னேன். மன்னிச்சிருங்க."

மதினி விறகை ஒதுக்கி வைத்தார். பிறகு கீழே உட்கார்ந்து, என் காலை மடியில் எடுத்து வைத்து, துணியை அழுத்திப் பிடித்தார். தேய்க்கவில்லை. அழுத்தி மட்டும் பிடித்தார். இரண்டு பேரும் அழுதோம். நடுவில், "காலைப் பாரு, கோழிக்கால் மாதிரி ஆயிருச்சு" என்றார். இரத்தம் நிற்கும்வரை கையை எடுக்கவில்லை.

இறங்கும்போது என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். வீட்டில் டயரியைத் திறந்தேன். மத்தியானத்துக்குப் பிறகு ஓர் எண்கூட இல்லை. நாடி பார்க்க மறந்திருந்தேன். ஐந்து மாதம் கேட்ட ஜெபத்துக்குப் பதில் அந்த வெற்றுக் கோடுகளில் இருந்தது.

களைப்பு இன்னும் இருக்கிறது. மாத்திரையும் இருக்கிறது. விசுவாசம் இருந்தால் மாத்திரை எதற்கு என்று சிலர் கேட்டார்கள். மூச்சைத் தந்தவர்தான் அந்த டாக்டரையும் தந்தார், அதனால் நிறுத்தவில்லை. பயம் சில நாள் வருகிறது, தங்குவதில்லை. மதினியைத் தேடி மறுபடி ஆட்கள் வருகிறார்கள். "மொதல்ல டிஸ்பென்சரி, அப்புறம் எண்ணெய்" என்று விரட்டுகிறார்.

களைத்துப் போயிருக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். பெரிதாகக் கேட்கத் தெம்பில்லாவிட்டால் ஒரு மூச்சுக்குக் கேளுங்கள், ஒரு படிக்குக் கேளுங்கள். அவர் தருவார். பதில் தாமதமானால், நீங்கள் ஏறாமல் விட்ட படி எங்காவது இருக்கிறதா என்று பாருங்கள். ஏறும்போது அவர் கூட வருவார். எனக்கு வந்தார்.

இதை எழுதி முடித்து மதினிக்கு வாசித்துக் காட்டினேன். "கோழிக்கால எதுக்குடி எழுதுன?" என்றார். நடந்தது மதினி, நடந்ததை இந்தத் தடவை அப்படியே எழுதியிருக்கிறேன் என்றேன். ஆண்டவருக்கு நன்றி.