நல்ல எண்ணெயும் நல்லெண்ணெயும்

டயட்டீஷியன் வேலைக்குப் புதிதாக வருகிறவர்கள் என்னிடம் டயட் சார்ட் கேட்பார்கள். நான் முதலில் அஞ்சலையைப் பற்றிச் சொல்வேன்.

கச்சிராயபாளையம் பக்கம் கரும்பு வெட்டும் கூலி அவள். நாற்பது வயது இருக்கும். முடக்குவாதத்தில் விரல் மூட்டெல்லாம் வீங்கிப்போய் எங்கள் கிளினிக்குக்கு வந்தாள். டாக்டர் மாத்திரை எழுதிக்கொடுத்து என்னிடம் அனுப்பினார். வெளியே நல்ல கூட்டம். வழக்கமான பாடத்தை வேகமாக ஒப்பித்தேன்.

"பொரிச்ச எண்ணெயத் திரும்ப ஊத்தாதீங்க. வனஸ்பதி வேணாம். மத்தி மீன் வாங்கிக் கொழம்பு வைங்க. நல்ல எண்ண மட்டும் சேத்துக்கோங்க, வீக்கம் கம்மியாவும்."

"சரிங்க" என்று எழுந்து போனாள். அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

எட்டு மாதம் கழித்து அவள் மறுபடி வந்தபோது நானும் டாக்டர் அறையில் இருந்தேன். இரண்டு கை விரல்களும் ஒரு பக்கமாகச் சாய்ந்து வளைந்திருந்தன.

"மாத்திர சாப்புடலியாம்மா?" என்றார் டாக்டர்.

"அத்த முழுங்கினா ஒரே கொமட்டலுங்க. வுட்டுட்டேன். இந்தம்மா சொன்ன நல்லெண்ணயத்தான் தெனம் வெறும் வயித்துல குடிச்சிக்கினு கீறேன்."

டாக்டர் என்னைத் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் தேவலை.

நல்ல எண்ணெய், நல்லெண்ணெய்: வாயால் சொல்லும்போது இரண்டும் ஒன்றுபோலத்தான் இருக்கின்றன. ஆனால் என் தவறு அந்தச் சொல்லோடு முடியவில்லை. கொழுப்பைப் பார்த்துச் சாப்பிட்டால் உடம்பின் அழற்சி கொஞ்சம் அடங்கலாம். மூட்டை அரிக்கிற நோயைத் தடுத்து நிறுத்துவது மாத்திரைதான். 'மாத்திரையை விடாதீங்க' என்று ஒரு வார்த்தை நான் சொல்லவில்லை. அது டாக்டர் பாடு என்று இருந்துவிட்டேன். என்மேல் எனக்கே வெறுப்பாக இருந்தது.

மாத்திரை மாற்றிக் கொடுத்ததில் வீக்கம் வடிந்தது. விரல்கள் நிமிரவில்லை. வெட்டுக்கத்தி பிடிக்க முடியாதவளை எந்த மேஸ்திரியும் வேலைக்குச் சேர்க்கவில்லை.

இப்போதெல்லாம் யாரிடம் பேசினாலும், "நான் இன்னா சொன்னேன், நீங்க சொல்லுங்க பாப்போம்" என்று கேட்காமல் அனுப்புவதில்லை. நேரம் பிடிக்கும்தான். பிடிக்கட்டும்.

மறுபடி வந்த அன்றைக்கு அஞ்சலை என்னை ஒரு வார்த்தை குறை சொல்லியிருக்கலாம். அவளோ என் எதிரில் வந்து உட்கார்ந்து, "எம்மேலதாங்க தப்பு. இந்தத் தபா ஒழுங்கா கேட்டுக்கறேன். எந்த எண்ணயக் குடிக்கணும், சொல்லுங்க" என்றாள்.