இடப்பக்கம் போகும் அம்பு

ஒரு கிலோ உப்புப் பாக்கெட்டின் மூலையைக் கத்தரித்து, சரியாக நூற்றிருபது கிராமை எடுத்துவிடுகிறார் தேவபிரசாதம். மீதி எண்ணூற்று எண்பது. இருபத்தெட்டு அங்குல இடைவெளியில் அடித்த இரண்டு ஆணிகள்மேல் அலுமினிய அம்பைக் கிடத்தி, நடுவில் பாக்கெட்டைத் தொங்கவிட்டு, எவ்வளவு தொய்கிறது என்று ஸ்கேல் வைத்துப் பார்க்கிறார். அதிகம் தொய்ந்தால் இளக்கம். குறைவாகத் தொய்ந்தால் விறைப்பு. அம்பு விற்கிறவர்கள் இதையெல்லாம் அளந்துதான் அனுப்புகிறார்கள். இவருக்கு அவர்கள்மேல் நம்பிக்கை கிடையாது.

"உப்புல கைய வைக்காதியன்னு எத்தன மட்டம் சொல்லுதேன்? உப்பு வெளையுத ஊர்ல எங்கொழம்பு மட்டும் சப்புன்னு கெடக்கு" என்கிறார் மனைவி ஜெபசுதா.

தேவபிரசாதம் துறைமுக அலுவலகத்தில் ஓய்வுபெற்று மில்லர்புரத்தில் இருக்கிறார். அம்பில் அச்சிட்ட நான்கு இலக்கங்களைப் பார்த்ததும் ஜாதகமே சொல்லிவிடுவார். முதல் இரண்டு பருமன், அடுத்த இரண்டு குழாய்ச் சுவரின் தடிமன். எண் ஏற ஏற விறைப்பு. இரண்டு வருடத்துக்கு முன் எங்கள் வில்வித்தைக் கழகத்தில் அல்போன்சாவின் அம்புகள் இடப்பக்கமாகப் போனபோது உடனே தீர்ப்புச் சொன்னார். "ஏளா, ஒன் வில்லோட இழுவ இருபத்தெட்டு பவுண்டு. இந்த வெறச்ச அம்பு அதுக்கு வளையாது, எடது பக்கமா ஒதுங்கும். 1716 வாங்கு." வாங்கினார். அதன்பின் அவருக்குக் குறிப்பலகையின் நடு மஞ்சள் வட்டம் தவறுவது அபூர்வம்.

சிக்கல் இவருடைய சொந்த அம்பில். தோள்வலிக்குப் பிறகு நாற்பது பவுண்டு வில்லை விட்டு இவரும் இருபத்தெட்டுக்கு இறங்கிவிட்டார். அம்பு மட்டும் பழைய 2018. ஆறில் நாலு இடப்பக்கத்து உடைமுள்ளுக்குள் போகும். தேடி எடுத்துத் தருவது நான். கேட்டால், "கடக்காத்துல்லா" என்பார். காற்று கரையிலிருந்து வீசுகிற நாளிலும் அதே பதில்தான். முள் குத்தும்போது எனக்குக் கோபம் வரும். அவர் முகத்தைப் பார்த்தால் பாவமாக இருக்கும்.

போன சனிக்கிழமை மூத்தோர் அணித் தேர்வு. ஆண்களில் ஒரே ஓர் இடம் பாக்கி. இரண்டு வருடமாக அதைத் தவறவிட்டவர், கடைசி மூன்று அம்புக்கு முன் நாலு புள்ளி பின்தங்கி நின்றார். பெண்கள் அணிக்கு ஏற்கனவே தேர்வாகியிருந்த அல்போன்சா பக்கத்தில் வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க வில்லு இப்ப எத்தன பவுண்டு?"

"காத்து..."

"காத்தா? அந்தா கெடக்க கொடித்துணி கூட ஆடல." தன் அம்புகளில் மூன்றை நீட்டினார்.

தேவபிரசாதம் அந்த அம்புகளையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாங்கினார். இழுத்தார், விட்டார். மூன்றும் மஞ்சளில்.

ஒலிபெருக்கியில் அவர் பெயரை வாசித்தார்கள். நாங்கள் கைதட்டினோம். குறிப்பலகையிலிருந்து அம்புகளைப் பிடுங்கிக்கொண்டு திரும்பி வந்தவர், எங்களைத் தாண்டும்போது, அச்சிட்ட எண்களின்மேல் கட்டைவிரலை அழுத்தி மூடிக்கொண்டார்.